ஒற்றைக் கைத் தாள்

ஒரு கையில் இரண்டு ஊசி குத்தியிருக்க, அந்தக் கையை அசைக்காமல் நாலு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கிற மனிதன் புத்தகத்தின் பக்கத்தை எப்படித் திருப்புவான்? இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காதவர்கள் கையில்தான் எங்கள் தாளைத் தூக்கிக் கொடுத்தோம். கொடுத்தது சங்கத்துச் செயலாளர். நான் கொடுக்கவில்லை, கடைசிவரை சண்டைதான் போட்டேன். ஆனால் அடியில் ஆசிரியர் என்று அச்சானது என் பெயர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. சித்தூரில் டயாலிசிஸ் மெஷினில் இடம் கிடைக்கவில்லை, திருப்பதியில் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் அவரைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறுகிறேன். மீதி நாட்களில் சித்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு பிரஸ்ஸில் உட்கார்ந்து தமிழும் தெலுங்கும் டைப் அடிக்கிறேன். ஊரான் வீட்டு முகூர்த்த நேரத்தில் தப்பு வந்துவிடக் கூடாதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை அது. அச்சில் ஏறிய தப்பு என்ன பாடு படுத்தும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்களைப் போன்ற டயாலிசிஸ் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு, சித்தூரில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் கூடுவோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வருவார்கள். செயலாளர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருடைய மனைவி எங்களோடு டயாலிசிஸில் இருந்து இறந்துபோனவர். மனைவி போன பிறகும் மனிதர் சங்கத்தை விடவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரை வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறேன்.

அந்தச் சங்கத்துக்காக மாதா மாதம் நான் ஒரு தாள் போட்டேன். ஒரே தாள்தான். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவர்களுக்குத் தமிழ் எழுத்து வராது. தாளுக்கு நடுவில் ஒரே மடிப்பு. ஒரு கையால் பிடித்தால் தொங்காமல் நிற்கிற மாதிரி கனமான காகிதம், கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சுகிற மஞ்சள் அட்டை. வெள்ளைத் தாள் என்றால் மேலே எரிகிற டியூப் லைட் படுத்திருப்பவர் கண்ணில் அடிக்கும். சர்க்கரையால் கிட்னி போனவர்களுக்குக் கண்ணும் பாதி போயிருக்கும் என்பதால் எழுத்து பெரிது. முதல் தாளை அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, என் இடது கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்துப் படித்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மே, உனுக்கும் கிட்னி பூடுச்சா?"

தாளின் அடியில் கட்டம் கட்டி ஒரு பெட்டி இருக்கும். "இந்த மாசம் இத்தத் தொடாதீங்க" என்று தலைப்பு. வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, பாக்கெட் சிப்ஸ் என்று மாதத்துக்கு ஒன்று. ஏன் தொடக் கூடாது என்று நாலு வரி. நாங்கள் போகும் டயாலிசிஸ் யூனிட்டின் டாக்டரம்மா படித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் அது அச்சுக்குப் போகும். ஒரு மாதம் அவருக்கு நேரமில்லாமல் போனபோது பெட்டியை வெறுமனே விட்டேன், சொந்தமாக எதையும் இட்டுக்கட்டி எழுதவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் படிக்காமல் விடுவார்கள், அந்தப் பெட்டியை எல்லோரும் படிப்பார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகப் படித்தது டிபன் கடைத் தம்பி. என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டில். வடமாலபேட்டையில் சென்னை ரோட்டோரம் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போடுகிறவன். நாற்பது வயது இருக்காது, அதற்குள் கண்ணும் மங்கிப்போயிருந்தது. தினமும் சட்னியை நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு சொன்ன மனிதனுக்கு, உப்பே ஆகாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? வண்டியை இப்போது அவன் பெண்டாட்டி பார்க்கிறாள், இவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குந்திக்கொண்டு வாய்ஜாலம் காட்டுகிறான். மாதா மாதம் மஞ்சள் தாளின் தெலுங்குப் பக்கத்திலிருந்து பெட்டியை மட்டும் கத்தரித்து, வண்டியில் இருக்கும் உப்பு டப்பாவின் மூடியில் ஒட்டி வைப்பான். கை நீண்டால் கண்ணில் படட்டும் என்று.

"டாக்டர் சொன்னா பயமா இருக்குதுக்கா. எங்க ஊட்டுக்காரி சொன்னா கோவம் வருது. பேப்பர் சொன்னா அவ்ளோதான், துன்றதில்ல. பேப்பருக்கு இன்னா, எம்மேல கோவமா, ஆசையா?"

அவன் கேலியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பயம் வந்தது. இந்த ஆள் என் தாளைப் பார்த்து வாயைத் திறக்கிறான், என் தாளைப் பார்த்து வாயை மூடுகிறான். அதில் ஒரு வார்த்தை தப்பிப் போனால் போவது அவன் உயிர். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு பெட்டியையும் எழுதினேன்.

தாளுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்றால், கூட்டத்தில் சுற்றிவருகிற ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து. முடிந்தவர் போடுவார், முடியாதவர் அடுத்தவரிடம் டப்பாவை நகர்த்துவார், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். பிரஸ் முதலாளி மை காசு மட்டும் வாங்கிக்கொள்வார். பிறகு சங்கத்தில் ஆட்கள் கூடினார்கள், தாளும் அதிகம் வேண்டியிருந்தது, டப்பா போதவில்லை. போதவில்லை என்றால் கூட்டத்தில் பேசலாம், இரண்டு மாதத்துக்கு ஒரு தாள் போடலாம். செயலாளருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. திருப்பதி பைபாஸில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுவிட்டு வந்து நின்றார்.

"அவங்களே அச்சடிச்சுக் குடுக்கறாங்கம்மா. கலர்ல. நம்ம கையிலேர்ந்து ஒரு பைசா இல்ல. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து யூனிட்டுக்கு ஆட்டோவும் வுடறாங்களாம்."

"எதுக்குண்ணா? நம்ம மூஞ்சி அவ்ளோ அழகா இருக்குதா?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேப்பியே நீ."

அடுத்த கூட்டத்துக்கு அந்த ஆஸ்பத்திரியின் மார்க்கெட்டிங் மேனேஜர் வந்தார். மேடை போட்டு, பேனர் கட்டி, செயலாளருக்குச் சால்வை போர்த்தி, எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா மைசூர்பாகு கொடுத்தார். சர்க்கரையால் கிட்னி போனவர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில் மைசூர்பாகு! நெய் வாசனை மூக்கைத் துளைக்கிறது, ஒருத்தரும் மூடியைத் திறக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போதே அந்த ஆளை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும்.

நான் எழுந்து கேட்டேன். "என்ன போடறதுன்னு யார் முடிவு பண்றது?"

"மேட்டர் மொத்தம் மீதே, உங்களுதே மேடம். டிசைன் மட்டும்தான் எங்களுது."

"அச்சுக்கு முன்னாடி எனக்குக் காட்டுவீங்களா?"

"தப்பகுண்டா, மேடம்."

தப்பகுண்டா என்றால் தெலுங்கில் கண்டிப்பாக என்று அர்த்தம். அந்த ஆள் வாயில் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது. கை தூக்கச் சொன்னார்கள். ஆட்டோவுக்காகப் பாதிப் பேருக்கு மேல் தூக்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டயாலிசிஸ் முடிந்து கால் தள்ளாடுகிற நேரத்தில் வெயிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரரே கையைத் தூக்கினார். நான் முறைத்ததும் தலையைச் சொறிகிற மாதிரி இறக்கிக்கொண்டார்.

முதல் கலர் இதழ் வந்தது. வழவழவென்று பளபளக்கிற தாள், நடுவில் பின் அடித்த புத்தகம். அட்டையில் ஆஸ்பத்திரி சேர்மன் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். நான் எழுதியது உள்ளே தமிழிலும் தெலுங்கிலும் எறும்பு சைஸில் இருந்தது. எனக்குக் காட்டினார்களா? இல்லை. கேட்டதற்கு, "டைம் லேது மேடம், நெக்ஸ்ட் இஷ்யூ தப்பகுண்டா" என்று பதில் வந்தது. யூனிட்டில் என் வீட்டுக்காரர் நெஞ்சின் மேல் அதை நிறுத்தி வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. பக்கத்தைத் திருப்ப நாக்கால் விரலை நனைத்து, முழங்கையால் அழுத்தி என்னென்னவோ செய்து பார்த்தார். டியூப் லைட் சேர்மன் மூஞ்சியில் பட்டு என் வீட்டுக்காரர் கண்ணில் அடித்தது.

பக்கத்துக் கட்டிலில் தம்பி தன் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "கல்யாண ஆல்பம் மாதிரி இருக்குதுக்கா. மாப்ள யாரு, இந்தக் கண்ணாடிக்காரரா? பொண்ணக் காணமே?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன் புத்தகத்தைப் புரட்டிப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டான். நம்ம பேப்பர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

செயலாளரிடம் போய்க் கத்தினேன். "படுத்திருக்கறவங்க கையில நிக்காத புக்கு யாருக்குண்ணா?" என்றேன். "மாசா மாசம் புக்கு வருதா இல்லியா, அத்தப் பாரும்மா" என்றார். அந்த ஒரு பதிலையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் காலம் வந்தது. டாக்டரம்மா ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடித்து என்னிடம் வந்தார். கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் விற்கிறது, பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம் ஆட்கள் இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள், இந்த மாதப் பெட்டியில் கட்டாயம் இதைப் போடுங்கள் என்றார். அன்றே எழுதினேன். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்கள். நல்ல கிட்னி பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், நம்முடையது தள்ளாது, ரத்தத்தில் சேர்ந்து கையும் காலும் விழும், இதயம் நின்றுபோகும், அதனால் அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள். இதுதான் நான் எழுதியது. டாக்டரம்மா படித்துத் தலையாட்டினார். போனில் மேனேஜருக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் நெகட்டிவ்கா உந்தி. இதயம் நிக்கும், அது இதுன்னு. சம்மர் இஷ்யூ இல்லியா, பாசிட்டிவ்வா ஏதாவது..."

"இதயம் நின்னா பாசிட்டிவ்வா எப்படிங்க எழுதறது?"

"கோவப்படாதீங்க மேடம். சூஸ்தாம், பார்க்கலாம்."

"சூஸ்தாமும் வேணாம் செய்தாமும் வேணாம். அந்தப் பெட்டி ஒரு எழுத்து கொறையாம வரணும். இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க."

"தப்பகுண்டா, மேடம்."

அந்த இதழின் கட்டு சித்தூருக்கு வரவில்லை. நேராகத் திருப்பதி யூனிட்டுக்குப் போய் இறங்கியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை, நானும் வீட்டுக்காரரும் டயாலிசிஸ் முடித்துப் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு. தம்பிக்கு அன்றைக்கு மெஷின் லேட்டாகத் தொடங்கியதால் அவன் அங்கேயே படுத்திருந்தான். கட்டு அவிழ்த்ததும் முதல் புத்தகத்தை அவன்தான் கேட்டு வாங்கினானாம்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அவன் கட்டில் காலியாக இருந்தது. டயாலிசிஸ்காரன் கட்டில் காலியாக இருந்தால் யாரும் உடனே வாய் திறந்து கேட்க மாட்டோம். எதிர்க் கட்டில் பெரியவர் நெஞ்சின் மேல் புது இதழ் கிடந்தது. அதை எடுத்துப் பிரித்தேன். பெட்டி இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தேடினேன், பெட்டியே இல்லை. அந்த இடத்தில் "உப்பை விட வேண்டாம், உப்பை மாற்றுங்கள்" என்று ஒரு கட்டுரை. கடைசி அட்டை முழுக்க அந்த உப்புப் பாக்கெட்டின் விளம்பரம். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே ஆசிரியர், என் பெயர்.

புத்தகத்தைச் சுருட்டிக் கைப்பையில் திணித்தேன். தம்பியின் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். அவள் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலிலிருந்து பேசினாள்.

"கால் ரெண்டும் வரலக்கா. வண்டிகிட்ட ஸ்டூல்லேர்ந்து எந்திரிக்கப் பார்த்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. பொட்டாசியம் ஏறிக்கினு இருக்குதாம். இன்னா துன்னாருன்னு கேக்கறாங்க. நாங்க ஒண்ணும் தப்பா துன்னலியேக்கா. பேப்பர்ல போட்ட உப்புதான் போட்டுத் துன்னாரு."

நான் அவளிடம் அந்த உப்பின் பெயரை டாக்டரிடம் உடனே சொல்லச் சொன்னேன். பிறகு யூனிட்டுக்கு வெளியே மாடிப்படியில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்தது எதையும் இங்கே எழுத முடியாது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மேடம், அது அட்வர்டைஸ்மென்ட். அட்வர்டைஸ்மென்ட்டுக்கு எடிட்டர் ரெஸ்பான்ஸிபிள் கிடையாது. டாக்டரைக் கேட்டு வாங்கவும்னு கீழே போட்டிருக்கோமே, பார்க்கலியா?"

பார்த்தேன். போட்டிருந்தார்கள். எனக்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு நேராகப் பிடித்தால்தான் தெரிந்தது. அதை அவன் படிக்க வேண்டுமாம்! கண் மங்கியவன், ஒரு கையில் ஊசி குத்திக்கொண்டு, வழுக்குகிற அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அதைப் படித்திருக்க வேண்டுமாம்! "கட்டுரை யாருங்க எழுதினது?" என்று கேட்டேன். உப்புக் கம்பெனிக்காரர்களே எழுதிக் கொடுத்ததாம். அவர்கள் விளம்பரம் கொடுத்ததால்தான் கலரில் அச்சடிக்க முடிந்ததாம். இதில் தப்பு என்ன என்று நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவருடைய அந்தப் புரியாத குரலை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீர மாட்டேன் என்கிறது.

தம்பி பிழைத்துக்கொண்டான். அவசரமாக டயாலிசிஸ் செய்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது வார்டில் படுத்திருந்தான், முகம் வீங்கிப் போய். தலைமாட்டில் செலோபேன் சுற்றி ரிப்பன் கட்டிய ஒரு பழக்கூடை. உள்ளே வாழைப்பழம், ஆரஞ்சு, நட்டநடுவில் ஒரு இளநீர். பைபாஸ் ஆஸ்பத்திரியின் சீட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டாசியம் ஏறிச் செத்துப் பிழைத்தவனுக்கு, எங்கள் பெட்டியில் மாதம் ஒன்றாக வேண்டாம் என்று எழுதிய அத்தனையையும் ஒரே கூடையில் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய் வராண்டாவில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரோ நல்லாயிருக்கட்டும்.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்துத்தான் போனேன். திட்டவில்லை.

"ரொம்ப நாள் கழிச்சு சட்னி ருசியா இருந்துச்சுக்கா" என்றான். "வண்டிக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தேன், நம்ம பேப்பரு எனுக்கு உப்பு குடுத்துடுச்சுன்னு. அந்தப் படத்தக் கத்தரிச்சு டப்பா மூடியில ஒட்டினேன்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உம் பேரு கீழ இருந்துச்சேக்கா."

எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் பெண்டாட்டி என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரமே செயலாளரைக் கூட்டம் கூட்ட வைத்தேன். நான் போட்ட கூச்சலில் சர்ச் காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செயலாளர் எழுந்து, "தப்பு நடந்து போச்சு. அடுத்த இதழ்ல திருத்தம் போடச் சொல்றேன்" என்றார்.

"அடுத்த இதழ் வரைக்கும் அந்த உப்பத் துன்னுகினு இருக்கணுமா எல்லாரும்? உங்க வீட்டம்மா இருந்திருந்தா அவங்க தட்டுலயும் இதத்தானே போட்டிருப்பீங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் அப்படியே உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஆட்டோ போய்விடுமே என்று ஒருத்தி அழுதாள். போயிற்றுதான். மறுவாரமே நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் பிரஸ் முதலாளி முகூர்த்தப் பத்திரிகை வேலையை ஒதுக்கிவிட்டு மெஷினைக் கொடுத்தார். மஞ்சள் அட்டையில் பெட்டி மட்டும் பெரிதாக அடித்தோம். நானும் செயலாளரும் யூனிட் யூனிட்டாகப் போய், கலர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மஞ்சள் தாளைக் கொடுத்தோம். அந்த வெயிலில் அவர் முன்னால் நடந்தார். ஒவ்வொரு கட்டிலிலும் அவரே குனிந்து, "அந்த உப்பு வாங்கினீங்களா?" என்று கேட்டார். வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இதற்குப் பிறகும் மேனேஜர் ஒரு தடவை கூப்பிட்டார். எங்கள் பெயரே போட வேண்டாம் மேடம், காசு மட்டும் கொடுக்கிறோம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். பெயர் போட்டபோதே இந்த லட்சணம். பெயர் போடாமல் கொடுக்கிற காசுக்கு என்னென்ன கேட்பார்கள்? ஆளை விடு சாமி என்று போனை வைத்தேன்.

தம்பி பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பி வந்தான். அடுத்த மாதத் தாளை அவனிடம் நீட்டினேன். பழைய மஞ்சள் தாள், ஒரே மடிப்பு, பெரிய எழுத்து. ஊசி இல்லாத கை சும்மாதான் இருந்தது, ஆனால் அவன் வாங்கவில்லை.

"இதுக்கு யாரு காசு?"

"நம்ம டப்பா காசுதான் தம்பி. உன் வீட்டுக்காரிகூடப் போட்டா."

"அப்போ அந்தக் கலர் புக்குக்கு யாரு காசுன்னு ஏன்க்கா யாரும் சொல்லல?"

"சேர்மன் படம் போட்டிருந்துதே."

"படம் போட்டா? படம் யாரு வேணாலும் போடலாம். காசு உப்புக் கம்பெனிக்காரங்களுதுன்னு எழுதியிருந்தா நான் உப்பத் தொட்டிருக்க மாட்டேன்ல?"

இப்போது ஒவ்வொரு தாளிலும் மேலே முதல் வரியாக, இருப்பதிலேயே பெரிய எழுத்தில், இந்தத் தாளுக்கு யார் யார் காசு கொடுத்தார்கள் என்று போடுகிறேன். அதற்குப் பிறகுதான் மீதி. அவன் அதைப் படித்துவிட்டு வாங்கிக்கொள்கிறான், படிக்கவும் படிக்கிறான். கத்தரிக்கோல் மட்டும் கேட்பதில்லை.

போன மாதம் புத்தூர் பக்கம் ஒரு வேலையாகப் போனவள் வடமாலபேட்டையில் இறங்கி அவன் வண்டிக்குப் போனேன். அவன் பெண்டாட்டி இட்லி வைத்துக் கொடுத்தாள், இப்போது பேசுகிறாள். உப்பு டப்பாவைப் பார்த்தேன். மூடியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, பழைய பசையைச் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் சட்னி ஊற்றினான். நான் ஒரு விள்ளல் வாயில் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு சரியா இருக்குதாக்கா?"

"சரியா இருக்குது தம்பி."

அவன் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணா, உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டான்.